அக்காவுக்கு 38 வகுப்பு, தம்பிக்கு 26: ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர் நீச்சல் பழகிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தில் குடமுருட்டிக் கரையோர ஊர் ஒன்று. கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் படித்துறை. பிப்ரவரியிலிருந்து ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், பிள்ளைகள் அதில்தான் பந்து விளையாடுவார்கள். ஜூனில் மேட்டூர் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து வரும் தண்ணீர் அதே மணலை மூடிவிடும். கோடையில் மணல் அள்ளிய பள்ளம் எது, மேடு எது என்று புதுத் தண்ணீரின் கலங்கலில் தெரியாது. முந்தின மாதம் முழங்கால் மணலில் ஓடிய பிள்ளைக்கு, இடம் தெரியும் என்ற தைரியம் மட்டும் மிச்சம் இருக்கும்.

இந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு 9 வயது, உயரம் 4 அடி 2 அங்குலம். பையனுக்கு 7 வயது, 3 அடி 11 அங்குலம். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் இருவரும் நீந்தப் பழகிவிட வேண்டும் என்று அப்பா 2025 ஏப்ரல் 28 அன்று கோடைப் பயிற்சியில் சேர்த்தார். அவர் அவசரத்தில் நியாயம் இருந்தது. அதைக் குறை சொல்ல இந்த ஆய்வு எழுதப்படவில்லை.

பயிற்சி 12 நாள், காலை 6.30 முதல் 7.30 வரை. குளம் 25 மீட்டர் நீளம், ஆழம் குறைந்த முனையில் 3 அடி, மறுமுனையில் 6 அடி. பக்கத்திலேயே 2 அடி ஆழத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான குட்டிக் குளம். பேட்ச்சில் 22 பேர், ஒரு பயிற்சியாளர், இரண்டு உதவியாளர்கள். அதாவது ஒருவருக்கு ஏழு பிள்ளைகளுக்கு மேல். தண்ணீரையே அறியாத பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு நாலைந்து பேர்தான் கணக்கு. அட்டவணை நாள் கணக்கில் எழுதப்பட்டிருந்தது: முதல் இரண்டு நாள் மூச்சு, அடுத்த இரண்டு நாள் மிதப்பது, 5, 6-ஆம் நாள் சுவரை உந்தி வழுக்குவதும் கால் உதைப்பும், பிறகு கைவீச்சு, கடைசி மூன்று நாள் தூரம். பிள்ளை எந்த இடத்தில் இருந்தாலும் தேதி நகர்ந்தால் பாடமும் நகரும். பின்னால் நடந்த இரண்டு தவறுகளுக்கும் வேர் இந்த அட்டவணைதான்.

## முதல் எட்டு நாளில் கண்டது

தம்பி முதல் நாளே தலையை முக்கினான். நாலாம் நாள் சுவரை உந்தி மூன்று மீட்டர் வழுக்கினான். ஏழாம் நாள் கை கால் அடித்து எட்டு மீட்டர் போனான். கரையில் நின்ற அப்பா செல்போனில் படம் எடுத்தார். அவன் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது.

அக்கா முகத்தைத் தண்ணீரில் வைக்கவில்லை. கன்னம் வரை வைப்பாள், மூக்கு நனைந்ததும் துள்ளி எழுவாள், இருமுவாள், பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். இரண்டாம் நாள் பயிற்சியாளர் கேட்டபோது அவள் சொன்னது: "மூக்குல தண்ணி ஏறுது மாஸ்டர்." எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற வாசகம் என்பதால் அது பதிவேட்டில் 'பயம்' என்று ஏறியது.

ஐந்தாம் நாள், மே 2. அட்டவணைப்படி முந்தின நாளே அவளும் மல்லாந்து மிதந்திருக்க வேண்டும். உதவியாளர் பிடரியிலும் முதுகிலும் கை கொடுத்துப் படுக்க வைத்தார். உடம்பு கொஞ்சம் தளர்ந்ததும், இனி தானாக மிதப்பாள் என்று நினைத்துச் சொல்லாமல் கையை எடுத்தார். இடுப்பு மடிந்தது, முகம் உள்ளே போனது, இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். மூன்று அடித் தண்ணீர்தான், எழுந்து நின்றால் மார்பளவு. ஆனால் மல்லாந்த நிலையிலிருந்து எப்படி எழுந்து நிற்பது என்று அதுவரை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. கால் தரையைத் தேடித் துழாவிய அந்த இரண்டு மூன்று விநாடிதான் அவளுக்கு ஆழம்.

அடுத்த மூன்று நாளும் அவள் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை. வீட்டில் "தம்பி நீந்துறான், ஒனக்கு மட்டும் என்ன?" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. எட்டாம் நாள் காலை வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

## ஒரு எவர்சில்வர் கரண்டி

எட்டாம் நாள் வகுப்பு முடிந்து, தலை துவட்டிக்கொண்டிருந்தவளிடம் பயிற்சியாளர் பேச்சுக் கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தார். அவள் 'மாஸ்டர்' என்பது 'பாஸ்டர்' என்று காதில் விழுந்தது. 'அம்மா'வும் பாதி 'அப்பா'வாக இருந்தது. மெல்லின எழுத்துகள் மூக்கில் பிறப்பவை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மூக்கு அடைத்திருந்தால் ம, ப ஆகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வாய் லேசாகத் திறந்தே இருந்தது. ராத்திரி குறட்டை விடுவாளா என்று கேட்டதற்கு, "சின்னதுலேருந்தே உண்டு சார், சளி உடம்பு" என்றார் அம்மா.

மறுநாள் ஒரு சின்னச் சோதனை. குளிர்ந்த தண்ணீரில் முக்கித் துடைத்த எவர்சில்வர் கரண்டியை மேலுதட்டில் படுக்கவைத்து, வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னார்கள். சாதாரணமாக இரண்டு துவாரத்துக்கும் நேராக இரண்டு ஆவிப் படலம் படியும். தம்பிக்கு இரண்டும் நன்றாகவே படிந்தன. அவளுக்கு வலப்பக்கம் பத்துப் பைசா அளவு ஒன்று, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொன்னபோது மூன்று விநாடியில் வாய் திறந்துகொண்டது.

மூக்கில் தண்ணீர் ஏறாமல் காப்பது உள்ளிருந்து வெளியே வரும் காற்றுதான். முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்கால் மெதுவாகக் காற்று விட்டுக்கொண்டே இருந்தால் நீருக்கு உள்ளே வர இடமில்லை. இவளால் அந்தக் காற்றை விட முடியவில்லை. முகத்தை முக்கிய ஒவ்வொரு தடவையும் தண்ணீர் உண்மையாகவே ஏறியது, எரிந்தது. எட்டு நாளாக அவள் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்த உண்மை. கேட்டவர்கள்தான் அதைப் பயம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல, மருத்துவரிடம் அனுப்பலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும். மே 9 அன்று காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தார்கள். ஒவ்வாமையால் மூக்கின் உட்சதை வீங்கியிருக்கிறது என்று சொல்லி, தினமும் அடிக்க மூக்கு ஸ்பிரே கொடுத்தார். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்றார். காதுச் சவ்வையும் பார்த்து, நீந்தத் தடையில்லை என்றார். நீச்சலில் சேர்க்கும் முன் காது பார்ப்பது நல்லது. சவ்வில் ஓட்டை இருந்தால் குளத்து நீர் நடுக்காது வரை போய்விடும்.

## எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஒன்பதாம் நாள் வகுப்புக்குப் பிறகு அப்பா, அம்மா, பயிற்சியாளர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாவின் கேள்வி நேரானது: "ஜூன்ல தண்ணி வந்துடும் சார். அதுக்குள்ள முடியுமா, முடியாதா?" முடியாது என்று பயிற்சியாளர் சொன்னார். அவசரப்படுத்தினால் இன்னும் தள்ளிப் போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆற்றுக்கான பாதுகாப்பை நீச்சல் வகுப்பிடம் எதிர்பார்க்கக் கூடாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்று பேசி முடிவானது: கொல்லைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் படித்துறையில் இறங்கக் கூடாது. இந்த விதி அக்காவுக்குச் சொல்லப்பட்டது. தம்பிக்கும் சேர்த்து அழுத்திச் சொல்லாமல் விட்டது பெரிய பிழை. அதன் விலை ஜூலையில் தெரிந்தது.

அவளைப் பெரிய குளத்திலிருந்து குட்டிக் குளத்துக்கு மாற்றினார்கள். இரண்டு அடித் தண்ணீர் அவள் இடுப்புக்குக் கீழேதான். மார்பளவு நீரில் உடம்பு மிதக்கப் பார்க்கும், கால் தரையில் ஊன்றாது, அந்தத் தள்ளாட்டமே பயத்தைக் கூட்டும். மிதக்கக் கற்கும் முன் நிற்கக் கற்க வேண்டும் என்பது முதல் பாடமாக மாறியது. கவிழ்ந்து மிதக்கும்போது: முழங்காலை வயிற்றுக்கு இழு, இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கு, பாதம் கீழே போனதும் தலையைத் தூக்கு. தலையை முதலில் தூக்கினால் கால் பின்னாலேயே நிற்கும், மறுபடி முகம் உள்ளே போகும். மல்லாந்திருக்கும்போது: தாடையை மார்புக்குக் கொண்டுவா, முழங்காலை மடக்கு, கையை முதுகுப் பக்கமிருந்து முன்னால் வீசு. கையைப் பிடித்துக்கொண்டே இதை முப்பது தடவையாவது செய்ய வைத்தார்கள்.

சொல்லாமல் கையை எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். "விடுங்க" என்று அவள் சொன்னால்தான் கை விலகும். சொல்லாவிட்டால் வகுப்பு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருப்பது. இந்த வாக்கு ஒரு தடவை மீறப்பட்டாலும் மீண்டும் முதல் படிதான்.

தேதி அட்டவணைக்குப் பதிலாக அவளுக்கென்று ஒரு அட்டை வந்தது. ஒரு படியை அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில், வகுப்புக்கு மூன்று தடவை, முகம் சுளிக்காமல் செய்தால்தான் அடுத்த படி. புஜத்தில் மாட்டும் கை மிதவைகளை வேண்டாம் என்றார்கள். அவை பிள்ளையை நட்டக்குத்தலாக நிறுத்தும், நீந்துவதற்கு உடம்பு கிடையாகப் படுக்க வேண்டும். கழற்றிய நாளில் இரண்டாவது தடவை முதலிலிருந்து கற்க வேண்டிவரும். ஊரில் முதுகில் கட்டும் சுரைக்குடுக்கையைப் பற்றி அப்பாயி கேட்டார். அது உடம்பைக் கிடையாக வைக்கும் என்பதால் கை மிதவையைவிட மேல், ஆனாலும் மூச்சுப் பிரச்சினைக்கு அதில் மருந்தில்லை.

## மே 12 முதல் ஜூலை வரை

மே 12 தொடங்கிய வாரம் குளத்துக்கே வரவேண்டாம் என்று விட்டார்கள். குளோரின் நீர் ஏற்கெனவே எரிந்த மூக்கை மேலும் எரிக்கும். அந்த வாரம் வீட்டுப் பாடம் மட்டும். அகலமான அலுமினியப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், தரையில் வைத்து முன்னால் மண்டியிட வேண்டும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே முதலில் உதடு, பிறகு மூக்கு நுனி, பிறகு கண் வரை. முனகல் நின்றால் முகம் வெளியே வர வேண்டும். முதல் நாள் ஒரு விநாடி. ஸ்பிரே வேலை செய்யத் தொடங்கிய ஆறாம் நாள் ஐந்து விநாடி, இரண்டு துவாரத்திலிருந்தும் குமிழ். கரண்டியிலும் இரண்டு படலம்.

மே 19 முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு வகுப்பு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர். நேரத்தை ஒரு மணியிலிருந்து முப்பது நிமிடமாகக் குறைத்தார்கள். ஒல்லியான பிள்ளைகளுக்கு உடல் சூடு சீக்கிரம் போய்விடும். உதடு நீலம் பாய்ந்து தாடை நடுங்கத் தொடங்கிய பிறகு எந்தப் பாடமும் ஏறாது. 15-ஆவது வகுப்பில் கம்பியைப் பிடித்து முங்கி எழுவது தாளத்தோடு பத்து தடவை வந்தது: உள்ளே முனகல், வெளியே வாயால் மூச்சு.

ஜூன் 2-ல் பள்ளி திறந்ததும் சனி, ஞாயிறு மட்டும். ஜூன் 7, 19-ஆவது வகுப்பு. பயிற்சியாளரின் உள்ளங்கை பிடரியில், இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. காது இரண்டும் தண்ணீருக்குள், தாடை மேலே. கால் மெல்ல இறங்கப் பார்த்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டச் சொன்னார். எடை தலைப்பக்கம் நகர்ந்ததும் கால் தானாக மேலே வந்தது. இடுப்பில் இருந்த கை இரண்டு விரலானது. பிடரியில் இருந்த கை ஒரு விரலானது. காதில் தண்ணீர் இருப்பதால் பேச்சு கேட்காது, கண்ணைத்தான் பார்க்க வேண்டும். அவள் வானத்தைப் பார்த்தபடியே "விடுங்க" என்றாள். பதினோரு விநாடி மிதந்தாள். பிறகு தாடையை இறக்கி, முழங்காலை மடக்கி, தானே எழுந்து நின்றாள்.

அதன்பின் வேகம் கூடியது. 22-ஆவது வகுப்பில் வழுக்கல் மூன்று மீட்டர். 27-இல் கவிழ்ந்து போகும்போதே புரண்டு மல்லாந்து மூச்செடுத்து மறுபடி கவிழ்வது. கால் உதைப்பில்தான் இரண்டு வாரம் போனது. முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பது போல உதைத்தாள், நுரை வந்தது, உடம்பு நகரவில்லை. படியில் உட்கார வைத்து, தொடையிலிருந்து காலை அசைத்து, செருப்பை உதறுவது போலக் கணுக்காலைத் தளர்த்தச் சொன்னபோது பிடிபட்டது.

## தம்பி: ஜூலை 20

தம்பி மே 10 அன்று ஒரே மூச்சில் 12 மீட்டர் போய் பயிற்சியை முடித்திருந்தான். வீட்டில் அவனுக்கு 'நீச்சல் தெரியும்' என்று ஆனது. மேட்டூர் அந்த ஆண்டு ஜூன் 12-ல் திறந்தது, ஜூலையில் குடமுருட்டி நிறைந்து ஓடியது. ஆடிப்பெருக்குக்கு இரண்டு வாரம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா பிள்ளைகளோடு படித்துறையில் இறங்கினான். சித்தப்பா மேல்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது படி பாசி. வழுக்கி ஒரு அடி வெளியே போனான், இழுப்பு பிடித்துக்கொண்டது. குளத்தில் கற்றபடியே தலையைக் கவிழ்த்து மூச்சைப் பிடித்துக் கை வீசினான், படித்துறையை நோக்கி, அதாவது இழுப்புக்கு எதிராக. மூச்சு தீர்ந்ததும் தலையைச் செங்குத்தாகத் தூக்கினான், கால் இறங்கியது, தரை இல்லை. கூப்பிடவும் இல்லை. முழுகும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. மூச்செடுக்கவே வாய் போதாது. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தபோது ஐந்தாறு மீட்டர் கீழே போயிருந்தான். அவர் தண்ணீரில் பாயவில்லை. கரையோடு ஓடி, கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு கையால் மரவேரைப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை வீசினார். இரண்டாவது வீச்சில் பையன் பிடித்துக்கொண்டான். காயம் எதுவும் இல்லை.

மறு வாரம் குளத்தில் அவனைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. மூச்சு விடவே அவன் கற்கவில்லை, பிடித்து வைக்க மட்டும் கற்றிருந்தான். வேகமாகப் போனதால் யாரும் கவனிக்கவில்லை. 12 மீட்டருக்குள் முடிகிற நீச்சலில் அந்த ஓட்டை தெரியாது. மல்லாந்து மிதக்கச் சொன்னால் தலையைத் தூக்கி நாற்காலியில் உட்காருவது போல மடங்கி அமிழ்ந்தான். மூன்றாம், நான்காம் நாள் 'மிதப்பது' என்ற கட்டத்தில் அவனுக்கு விழுந்த டிக், பயிற்சியாளர் கையில் படுத்ததற்கு விழுந்தது.

## விளைவு

அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஸ்விம்சேஃப் பாடத்திட்டத்தின் வரம்பு. வங்கதேசத்துக் கிராமக் குளங்களில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்பட்ட திட்டம் அது: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலோடு தண்ணீர்ப் பாதுகாப்பையும், தானும் மாட்டிக்கொள்ளாமல் பிறரைக் காக்கும் முறையையும் சேர்த்தே கற்பிக்கச் சொல்கிறது.

அக்கா ஆகஸ்ட் 16 அன்று, 38-ஆவது வகுப்பில், நடுவில் நான்கு தடவை மல்லாந்து மூச்செடுத்து 25 மீட்டர் முடித்தாள், பிறகு 40 விநாடி மிதந்தாள். தம்பி ஜூலை 26 முதல் சனி, ஞாயிறு வந்தான். மூச்சைப் பிடிக்கும் பழக்கத்தை உடைக்க அவனுக்கும் அலுமினியப் பாத்திரமும் 'ம்ம்ம்'மும்தான். முழங்காலுக்குக் கீழே நூடுல் என்கிற நீளமான நுரை மிதவையை வைத்து மிதக்கப் பழக்கி, பிறகு அதை எடுத்தார்கள். செப்டம்பர் 13 அன்று, மொத்தத்தில் 26-ஆவது வகுப்பில், அவனும் இரண்டையும் முடித்தான். வகுப்புக் கணக்கில் அவன் முந்தி, நாள்கணக்கில் அக்கா நான்கு வாரம் முந்தி.

அப்பா நடுவில் ஒருமுறை இருவரையும் சேர்த்து நீந்தவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பயிற்சியாளர் ஒப்பவில்லை. சரியான முடிவு அது.

## இனி மாற்றுவது

அட்டவணையில் நாள் எண்ணை எடுத்துவிட்டார்கள், படி எண் மட்டும் இருக்கிறது. 12 நாள் கட்டணத்துக்கு 'முடித்தது' என்று சான்று தருவதை நிறுத்தி, எந்தப் படியில் நிற்கிறான், எது இன்னும் வரவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 'நீச்சல் தெரியும்' என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் வராது. சேர்க்கும்போது கேட்கும் கேள்விகளில் குறட்டை, வாயால் மூச்சு, காதில் சீழ் மூன்றும் சேர்ந்தன.

வேகமாகப் போகும் பிள்ளைக்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்: 30 விநாடி தனியாக மல்லாந்து மிதக்காமல் கைவீச்சுப் பாடம் இல்லை. இதை முதல் பேட்ச்சிலேயே செய்திருந்தால் தம்பியின் ஓட்டை மே மாதமே தெரிந்திருக்கும். தண்ணீருக்குள் மூச்சை அடக்கும் நேரத்தை நீட்டிப் பந்தயம் விடுவதையும், வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குவதையும் தடை செய்திருக்கிறார்கள். வேகமாக மூச்சு வாங்கினால் கரியமிலவாயு குறைந்து, மூச்சுத் தேவை உணர்வே வராமல் நீருக்குள் மயக்கம் வரும்.

குட்டிக் குளத்துக்கு அனுப்பப்பட்டபோது தம்பி அழுதான், அது சின்னப் பிள்ளைகளின் இடம் என்று. அதனால் இப்போது எல்லா வகுப்பும் முதல் ஐந்து நிமிடம் அங்கேதான் தொடங்குகிறது, பெரிய பிள்ளைகளும் சேர்த்து. கடைசி வகுப்பு குளத்தில் இல்லை, கரையில்: துண்டு, மூங்கில் கழி, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் வீசிப் பழகுவது, இழுப்பில் மாட்டினால் மல்லாந்து காலை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டத்தோடு போய்ச் சாய்வாகக் கரை ஒதுங்குவது.

மாறாமல் மீந்திருப்பது பயிற்சியாளர் எண்ணிக்கை. கோடையில் இன்னமும் ஒருவருக்கு ஏழு பேர்தான், பேட்ச்சை இரண்டாகப் பிரிக்க நேரம் கேட்டிருக்கிறார்கள். அக்கா இன்னும் ஆழமான முனையில் குதிக்கவில்லை. அவள் அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் இப்போது இருவருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.